எங்கள் ரயில் நிலையத்தின் புதிய நெரிசல் ஏற்பாடு: ஒரு ஷிப்ட் நர்ஸின் விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. அதில் அந்த அரை, நடைமேம்பாலத்தின் படிக்கட்டு உச்சியில் கையில் மெகாபோனுடன் நிற்கும் ஒரு பெண் ஊழியருக்கானது. அவர் விடுப்பு எடுக்கும் நாளில் மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். காலை, மாலை, இரவு என்று வேலை மாறி மாறி வருவதால் இந்த நிலையத்தை எல்லா வேளையிலும் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன் பிளாட்பாரம் முழுவதும் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அதே பிளாட்பாரத்தில் காலை எட்டரைக்கு, இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு, ஊரே எனக்கு எதிரே நடந்து வரும்போது சுவரை ஒட்டிப் போயிருக்கிறேன். இந்த எதிர்த்திசை அனுபவம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு அவசியம் வேண்டும். கூட்டம் போகும் திசையிலேயே போகிறவருக்கு எந்த ஏற்பாடும் ஓரளவு நன்றாகத்தான் தெரியும். எதிரே வருகிறவருக்குத்தான் ஓட்டைகள் கண்ணில் படும்.

நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாக: புறநகர் ரயில்களும் தொலைதூர ரயில்களும் ஒன்றாக வந்து நிற்கும் பழைய நிலையம். வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு வாசல். எல்லா பிளாட்பாரங்களையும் இணைக்க ஒரே ஒரு பெரிய நடைமேம்பாலம். ரயில்கள் நீளமாகிவிட்டன, அடிக்கடி வருகின்றன, படிக்கட்டு மட்டும் கட்டிய நாளில் இருந்த அகலத்திலேயே இருக்கிறது. பல நகரங்களில் இதே கதைதான்.

புதிய ஏற்பாட்டில் முதலில் கண்ணில் படுவது வாசலுக்கு வெளியே இடுப்பு உயரத்தில் வளைத்து வளைத்துப் போட்டிருக்கும் கம்பித் தடுப்பு. உள்ளே பிளாட்பாரம் நிரம்பினால் டிக்கெட் கேட்டை மூடிவிட்டு, வருகிறவர்களை அந்த வளைவுக்குள் நிறுத்துகிறார்கள். இரண்டு ரயில் போனதும் திறக்கிறார்கள். இதற்குத்தான் அதிகத் திட்டு. ‘டிக்கெட் வாங்கியவனை வெயிலில் நிறுத்துகிறார்கள்’ என்று பக்கத்தில் நின்றவர் புலம்பாத நாளே இல்லை. நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். லண்டனில் ஆக்ஸ்போர்ட் சர்க்கஸ், விக்டோரியா போன்ற சுரங்க ரயில் நிலையங்களில் நெரிசல் நேரத்தில் வாசலைச் சில நிமிடங்கள் மூடித் திறப்பது சாதாரண நடைமுறை. பெய்ஜிங்கில் சில மெட்ரோ நிலையங்களுக்கு வெளியே காலை வேளையில் இதே மாதிரி வளைவுத் தடுப்புகள் நிரந்தரமாகவே இருந்தன. காத்திருக்கத்தான் வேண்டும் என்றால் தெருவில் காத்திருப்பதே பாதுகாப்பு. அங்கே மேலே வானம், பக்கத்தில் திறந்த இடம், பொறுமை போனால் திரும்பி நடந்துவிடலாம். படிக்கட்டின் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இதில் எதுவும் கிடையாது.

என் வேலையின் காரணமாக இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டு இறக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள். மூச்சை இழுக்க விலா எலும்புக் கூடு விரிய வேண்டும், உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், அதற்கு உடம்பைச் சுற்றி இடம் வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் அழுத்தும்போது சுற்றிலும் காற்று இருந்தும் அது உள்ளே போகாது. நின்றபடியே நினைவு தப்பிவிடும், விழுவதற்குக்கூட இடம் இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கே தெரிவதற்கு நேரம் ஆகும். ஆகவே, கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் வியர்ப்பதைப் பற்றி என்னிடம் யாராவது குறை சொன்னால் நான் பெரிதாகத் தலையாட்டுவதில்லை.

எவ்வளவு கூட்டம் ஆபத்து என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் இருந்தால் வசதியாக நிற்கலாம். நான்கு பேர் என்றால் தோள் உரசும், ஆனாலும் சமாளிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் நாம் நினைத்த பக்கம் போக முடியாது. ஆறு, ஏழு என்று ஏறிவிட்டால் அது தனித்தனி ஆட்களின் கூட்டமே இல்லை, ஒரே உடம்பாக அசையத் தொடங்கிவிடும். ஒரு மூலையில் யாரோ தள்ளியது அலையாக மறு மூலை வரை போகும். ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-களின் தொடக்கத்திலேயே நடப்பவர்களின் நெருக்கத்தை ஏ (தாராளம்) முதல் எஃப் (மிக மோசமான நெரிசல்) வரை தரம் பிரித்தார். நிலையம் வடிவமைக்கிறவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். என் கண் அளவில் எங்கள் நிலையம் காலையில் டி, மாலை ஆறரைக்கு ஈ. எஃப் என்று தோன்றிய பொழுதுகளும் உண்டு, அவை எல்லாமே படிக்கட்டின் அடியில். கண் அளவு எப்படி என்று கேட்டால், தரையைப் பாருங்கள். முன்னால் நிற்பவரின் செருப்பு தெரிந்தால் பரவாயில்லை. தரையே தெரியவில்லை, கையைத் தூக்கிக் கண்ணாடியைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் அங்கே இருக்காதீர்கள்.

அடுத்தது அந்தப் படிக்கட்டுதான். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

படிக்கட்டின் நடுவில் இரும்புக் கம்பி வைத்து ஏறும் வழி, இறங்கும் வழி என்று பிரித்திருக்கிறார்கள். பிரித்தது சரி. ஆனால் சரிபாதியாகப் பிரித்துவிட்டார்கள். காலையில் ரயிலிலிருந்து இறங்கிப் படியேறுகிறவர்கள் பெருங்கூட்டம், எதிரே படியிறங்கி ரயிலுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். மாலையில் இது தலைகீழ். சரிபாதியாகப் பிரித்தால் எந்த வேளையிலும் ஒரு பக்கம் முட்டும், மறு பக்கம் காலியாகக் கிடக்கும். முட்டும் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் கம்பிக்கு அடியில் குனிந்து காலிப் பக்கம் வருவார், அவர் பின்னால் இருபது பேர் வருவார்கள். அப்புறம் காலிப் பக்கத்தில் இறங்கி வரும் நான், கையில் சாப்பாட்டுப் பையோடு, அந்த இருபது பேரையும் எதிர்கொள்ள வேண்டும். கம்பியைக் கழற்றி மாட்டும்படி வைத்து, காலையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறுவதற்கு, மாலையில் மூன்றில் இரண்டு பங்கு இறங்குவதற்கு என்று மாற்றியிருக்கலாம். செலவு என்று பார்த்தால் ஒரு வெல்டருக்கு ஒரு நாள் வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விளையாட்டு அரங்குகளுக்கு பிரிட்டனில் வகுத்திருக்கும் அளவு ஒன்று உண்டு: ஒரு மீட்டர் அகலமுள்ள சமதளப் பாதையில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், அதே அகலமுள்ள படிக்கட்டில் 66 பேர்தான். மூன்று மீட்டர் படிக்கட்டு முழுவதையும் ஏறுவதற்கே கொடுத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 200 பேர். ஒரு ரயிலிலிருந்து 1,000 பேர் இறங்கினால் அந்தப் படிக்கட்டு அவர்களை அனுப்பி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த ரயில் நான்கு நிமிடத்தில் வந்தால்? முந்தைய ரயிலின் 200 பேர் படியடியில் நிற்கும்போதே புது ஆயிரம் பேர் இறங்குவார்கள். அதற்கடுத்த ரயில் வரும்போது மிச்சம் 400. யாரும் தவறு செய்யவில்லை, யாரும் முண்டியடிக்கவில்லை, ரயில்கள் சரியான நேரத்துக்கு வந்தன, ஆனாலும் அரை மணி நேரத்தில் படியடி நிரம்பிவிடும். சரிபாதி கம்பி வைத்தபின் இந்த 200 என்பது 100 ஆகிவிடுகிறது. பெட்டி தூக்கி வருகிறவர், போனைப் பார்த்தபடி ஏறுகிறவர் என்று அதிலும் குறையும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 130 என்ற விதிமுறை, ஆபத்து நேரத்தில் பிளாட்பாரம் நான்கு நிமிடத்துக்குள் காலியாக வேண்டும் என்கிறது. எங்கள் படிக்கட்டை அந்த நான்கு நிமிடத்தோடு வைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

படிக்கட்டு என்றால் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2017 செப்டம்பர் 29 அன்று மும்பையில் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் 23 பேர் இறந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள் பாலத்தையும் படிக்கட்டையும் விட்டு நகரவில்லை, ரயிலிலிருந்து இறங்கியவர்கள் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். அதன் பிறகு ராணுவம் அங்கே புதிய பாலம் கட்டிக்கொடுத்தது, 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். 2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி நிலையத்தில் 18 பேர் இறந்தார்கள். பிரயாக்ராஜ் என்ற பெயர் வரும் இரண்டு ரயில்களைப் பற்றிய அறிவிப்பில் மக்கள் குழம்பினார்கள் என்று தில்லி காவல்துறை சொன்னது. ஒருவர் தலையிலிருந்து பெரிய சுமை ஒன்று படிக்கட்டில் விழுந்ததுதான் தொடக்கம் என்று ரயில்வே அமைச்சர் பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னார். எந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டாலும், ஆட்கள் விழுந்தது படிக்கட்டில்.

படியடியில் இருந்த கடைகளையும் பெஞ்சுகளையும் எடுத்துவிட்டார்கள், இதற்கு ஒரு பெரிய நன்றி. பெஞ்சு போனதில் வயதானவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடவில்லை, பிளாட்பாரத்தின் கடைசி முனைக்கு நகர்த்தியிருக்கிறார்கள். உட்கார வேண்டும் என்று வருகிறவர்கள் தானாகவே அந்தப் பக்கம் போகிறார்கள், நடுவில் கூட்டம் குறைகிறது. யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

தரையில் ரயில் கதவு வரும் இடங்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். இறங்குகிறவர்களுக்கு நடுவில் வழி, ஏறுகிறவர்கள் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். புறநகர் ரயில் மட்டும் வரும் பிளாட்பாரத்தில் இது நன்றாகவே நடக்கிறது. பலவகை ரயில்கள் வரும் பிளாட்பாரத்தில் கதவு ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வோர் இடத்தில் வரும் என்பதால் அம்புக்குறிக்கு அர்த்தமே இல்லை. சிங்கப்பூரில் 1987-லேயே மெட்ரோ பிளாட்பாரத்தின் விளிம்பில் முழு உயரக் கண்ணாடிக் கதவு வைத்துவிட்டார்கள், இங்கே ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே எல்லா ரயிலுக்கும் கதவு ஒரே இடத்தில் நிற்கும். இங்கே கதவு வைத்தால் பாதி ரயில்களுக்குக் கதவுக்கு எதிரே ஜன்னல்தான் வரும்.

எஸ்கலேட்டர் பற்றி எனக்கு இரண்டு கருத்து. ‘இரண்டு பக்கமும் நில்லுங்கள், நடக்க வேண்டாம்’ என்று புதிதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவசரக்காரர்களுக்கு எரிச்சல். ஆனால் சரியான முடிவுதான். லண்டன் ஹோல்பார்ன் நிலையத்தின் நீளமான எஸ்கலேட்டரில் 2015-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில், எல்லோரும் நின்று போனபோது வழக்கத்தைவிடக் கால் பங்குக்கும் அதிகமானவர்கள் மேலே போனார்கள். நடப்பதற்கு என்று விட்ட பக்கத்தில் படிக்குப் படி இடைவெளி விட்டுத்தான் ஆள் போவார், உயரமான எஸ்கலேட்டரில் நடக்க ஆளே குறைவு, பாதி இடம் வீணாகும். ஆக, நடப்பவர் ஒருவர் சீக்கிரம் போவார், கீழே காத்திருக்கும் கூட்டம் முழுவதும் தாமதமாகும்.

இரண்டாவது கருத்து கவலை. எஸ்கலேட்டருக்குக் கண் கிடையாது. மேலே தரை நிரம்பி ஆள் நகராமல் நின்றாலும், கீழேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். படிக்கட்டில் நிற்கிறவர் தானாக நின்றுவிடுவார், எஸ்கலேட்டரில் நிற்கிறவரால் முடியாது. ஆகவே மேல்முனையில் சிவப்பு பொத்தானுக்குப் பக்கத்தில் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். மாலையில் நிற்கிறார். காலையில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஒருமுறை மேலே ஒரு சக்கரப் பெட்டி மாட்டிக்கொண்டது, பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய ஆரம்பித்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தியது ஊழியர் இல்லை, ஒரு கல்லூரிப் பையன். அந்தப் பையனுக்கு எந்த நிர்வாகமும் நன்றி சொல்லியிருக்காது, நான் சொல்லிவிடுகிறேன்.

லிப்ட் கதை தனி. ஒருவழிப் பாதை போட்டபோது லிப்ட்டை மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். வடக்கு வாசலில் வருகிறவர் கம்பித் தடுப்பைச் சுற்றி, நிலையத்தின் பக்கச் சுவர் வழியாகக் கிழக்கு முனை வரை நடந்து, அங்கிருந்து திரும்பி வந்தால்தான் லிப்ட். ஊன்றுகோலோடு வருகிறவருக்கு, முழங்கால் அறுவை முடிந்து சில வாரமே ஆனவருக்கு, கர்ப்பிணிக்கு இந்தச் சுற்று மிக அதிகம். எங்கள் புறநோயாளிகள் பலர் இந்த நிலையத்தில் இறங்கித்தான் வருகிறார்கள், வந்து உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர்தான் கேட்கிறார்கள். பலர் சுற்றத் தயங்கிப் படிக்கட்டிலேயே ஏறுகிறார்கள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறும் ஒருவரால் பின்னால் வரும் வரிசையே மெதுவாகும். அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு லிப்ட்டுக்கு நேர்வழி விட்டிருந்தால் படிக்கட்டும் வேகமாக ஓடியிருக்கும். தடுப்புக் கம்பியில் ஒரே ஒரு இடைவெளியும் அங்கே ஒரு ஆளும் போதும்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம்: அறிவிப்பு.

தொலைதூர ரயில்களுக்கு எந்த பிளாட்பாரம் என்பதை ரயில் கிளம்ப மிகச் சில நிமிடங்களே இருக்கும்போதுதான் சொல்கிறார்கள். அதுவரை பெட்டி, மூட்டை, குழந்தைகளோடு ஒரு பெருங்கூட்டம் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நடைமேம்பாலத்திலேயே நிற்கும். எண் விழுந்ததும் எல்லோரும் ஒரே படிக்கட்டை நோக்கி ஒரே நேரத்தில் ஓடுவார்கள். அந்த வேளையில் அந்தப் படிக்கட்டில் எதிரே ஏறி வருகிறவராக நீங்கள் இருக்க வேண்டாம். இது எங்கள் நிலையத்தின் வியாதி மட்டும் இல்லை. லண்டன் யூஸ்டன் நிலையத்தில் பயணிகள் பலகையைப் பார்த்து நின்று, எண் வந்ததும் விழுந்தடித்து ஓடுவது பல வருடப் புகார். புகார் வலுத்தபின் அங்கே விளம்பரத்துக்கு வைத்திருந்த பெரிய திரையை 2024 அக்டோபரில் அணைத்தார்கள்.

தாமதமாகச் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வரவேண்டிய ரயில் பிந்தினால் அது நிற்கும் பிளாட்பாரம் மாறும். முன்னால் நிற்கும் ரயில் கிளம்பாமல் அடுத்ததை உள்ளே விட முடியாது. பெட்டிகளைச் சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டுநர் மாறி, எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டுப்பாட்டு அறைக்கு உறுதி கிடைக்கும். அவசரப்பட்டு ஐந்து என்று சொல்லி, அப்புறம் ஏழு என்று மாற்றுவது தாமதமாகச் சொல்வதைவிட மோசம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். இறங்கிப்போன கூட்டமும் இனி இறங்க வந்த கூட்டமும் படியில் மோதும், எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான்.

ஆனால் உறுதியான எண்ணுக்கும் முழு மௌனத்துக்கும் நடுவில் எவ்வளவோ சொல்லலாமே. ‘இந்த ரயில் இருபது நிமிடம் தாமதம், யாரும் பாலத்தில் நிற்க வேண்டாம், காத்திருப்புக் கூடத்தில் உட்காருங்கள், எண் வந்த பின்னும் ரயில் பத்து நிமிடம் நிற்கும்’ என்று சொன்னால் போதும். கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஜனங்கள் ஓடுவது ரயில் போய்விடும் என்ற பயத்தில்தான். எங்கள் வார்டில் அறுவைக்குப் போன நோயாளியின் வீட்டாரும் இப்படித்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கால் மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டுவார்கள். ‘இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், நடுவில் நானே வந்து சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் போய்க் கண்ணயர்வார்கள். செய்தி நல்லதா கெட்டதா என்பதைவிட, அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். இந்த நிலையம் கூட்டத்தை நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நிறுத்தி வைத்தவர்களிடம் பேசக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒலிபெருக்கி வேறு. மூன்று மொழி, ஒரு விளம்பரம், இடையில் பாதுகாப்பு எச்சரிக்கை, எல்லாம் ஒரே குரலில், ஒரே தொனியில். அவசரமான செய்தி எது, வழக்கமான பாட்டு எது என்று காதுக்குப் பிரித்தறிய வழியே இல்லை. பாலத்தின் தகரக் கூரையில் பட்டு எதிரொலிப்பதால் பிளாட்பாரம் எண் மட்டும் சரியாகக் காதில் விழாது. ஐந்தா ஒன்பதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும், அவர் இன்னொருவரைக் கேட்பார்.

இந்த இடத்தில்தான் அந்த மெகாபோன் ஊழியர் வருகிறார். பேர் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ‘சிவப்புச் சட்டை அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்க, கீழே இறங்குறவங்க போகட்டும். பாட்டி, நீங்க கைப்பிடிப் பக்கம் வாங்க. ரயில் நிக்கும், கார்டுகிட்ட பேசிட்டேன்.’ இவ்வளவுதான் பேசுவார். கத்துவதில்லை, விசில் ஊதுவதில்லை. ஆளைப் பார்த்துப் பேசுகிறார், காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார். கூட்டம் கேட்கிறது. அவர் கண் எப்போதும் படியின் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. கீழே தேங்கத் தொடங்கினால் மேலே நிறுத்துகிறார். புதிதாக வைத்த கேமராக்களும் கூட்டத்தை எண்ணும் திரைகளும் இதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டுவதை டிக்கெட் கேட்டைத் தாண்டிய பிறகுள்ள சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வந்தவனுக்குச் சிவப்பு என்று சொல்லி என்ன பயன்? தெருவில் மாட்டியிருந்தால் நான் பேருந்தில் போயிருப்பேன்.

நீண்ட விடுமுறை தொடங்கும் முன்தினம் மட்டும் வாகன நிறுத்தத்தில் கூடாரம் போட்டு, ரயில்வாரியாகப் பிரித்து உட்காரவைத்து, ரயில் வந்தபின் குழுவாக அழைத்துப்போகிறார்கள். புது தில்லி சம்பவத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரிய நிலையங்கள் பலவற்றில் நிரந்தரக் காத்திருப்புப் பகுதி கட்ட முடிவெடுத்தார்களே, அந்த வகை. எனக்குப் பிடித்திருந்தது. மின்விசிறி இருந்தது, குடிநீர் இருந்தது. கழிப்பறை மட்டும் கூடாரத்துக்கு அந்தப் பக்கம், வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

கூட்டத்தை நேரத்தில் பிரித்துவிடும் முயற்சி எதுவும் இந்த ஏற்பாட்டில் இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். சிங்கப்பூரில் 2013 ஜூன் முதல் 2017 முடியும் வரை, நகர மையத்திலுள்ள நிலையங்களில் காலை 7.45-க்குள் வெளியேறும் மெட்ரோ பயணிகளுக்குக் கட்டணமே இல்லை. டோக்கியோவில் ஜே.ஆர். ஈஸ்ட் நிறுவனம் 2023 மார்ச்சில் நெரிசல் இல்லாத நேரத்துக்கு மட்டும் மலிவான பாஸ் கொண்டுவந்தது. ஐந்தில் ஒருவர் அரை மணி முன்னால் வந்தாலே படியடியில் தேங்கும் அந்த 200 பேர் தேங்க மாட்டார்கள். இதற்கு நிலையம் மட்டும் பொறுப்பில்லை, வேலை கொடுப்பவர்களும்தான். எங்கள் ஷிப்ட் மாறும் நேரமும் சரியாக அலுவலக நேரத்தின் உச்சியில் விழுகிறது. அதை மாற்றச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதோ.

இந்த நிலையத்தைப் புதிதாகப் பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாலை ஆறிலிருந்து ஏழரை வரை வடக்கு வாசலை மறந்துவிடுங்கள். கிழக்கு வாசல் சுற்றுதான், ஆனாலும் சீக்கிரம் உள்ளே போய்விடலாம். ரயிலில் நடுப்பெட்டி படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்பதால் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள், இரண்டு பெட்டி தள்ளி ஏறினால் மூச்சு விடலாம், இறங்கியபின் படியில் முதல் அலை போய்விட்டிருக்கும். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். படியில் செருப்பு கழன்றால், போன் விழுந்தால் குனியாதீர்கள், போனால் போகட்டும். நெருக்கம் அதிகமானால் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் பிடித்துக்கொள்ளுங்கள், எதிர்த்து நிற்காமல் கூட்டத்தோடு நகர்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வாருங்கள். ஆனால் கூட்டம் சுவரை நோக்கித் தள்ளுகிறது என்றால் சுவர்ப் பக்கம் மட்டும் வேண்டாம்.

புகார்ப் புத்தகத்தில் நான் மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன்: கழற்றி மாட்டும் கம்பி, லிப்ட்டுக்கு நேர்வழி, ரயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற அறிவிப்பு. முதல் இரண்டுக்கும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. கம்பி மாறினால் மதிப்பெண்ணை நான்காக்கி இங்கேயே எழுதுகிறேன்.